பெயர்ச்சீட்டு இழந்த ஆர்க்கிட்: திருவனந்தபுரத்து மாடியிலிருந்து அகத்தியமலை வரை

திருவனந்தபுரத்து வீட்டு மாடிகளில் பச்சை நிழல்வலையின் கீழே தொங்கும் ஆர்க்கிட் சட்டிகள் பலவற்றில் பெயர்ச்சீட்டு இருப்பதில்லை. வாங்கிய நாளில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் ஏதோ எழுதப்பட்டிருந்திருக்கும். பேனா மை இரண்டு கோடைகளில் வெளுத்துப்போயிருக்கும், அல்லது பட்டையே வெயிலில் நொறுங்கியிருக்கும். செடியைப் பிரித்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்தபோது பெயர் தாய்ச்சட்டியிலேயே தங்கிவிட்டிருக்கவும் கூடும். பூக்காத வரையில் இது யாருக்கும் உறுத்துவதில்லை. முதல் பூங்கொத்து விரிந்த காலையில்தான் ‘இது எந்த ஆர்க்கிட்?’ என்ற கேள்வி எழுகிறது.

ஒரு கேள்வியாகத் தோன்றினாலும் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. இது எந்த இனம் என்பது முதலாவது. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது இரண்டாவது. கலப்பினமாயின் அதன் தாயும் தந்தையும் எவை என்பது மூன்றாவது. முதல் வினாவுக்குப் பெரும்பாலும் செடியே விடை தந்துவிடும். மற்ற இரண்டுக்கும் செடியில் விடை இல்லை; சீட்டில் மட்டுமே இருந்தது. பெயர்ச்சீட்டு என்றால் பெயரை எழுதி வைக்கும் துண்டு என்றே நாம் எண்ணுகிறோம். தொலைந்துபோனால் மீட்க முடியாத பகுதி பெயரன்று என்பதைக் கேரளக் கரையின் முந்நூறு ஆண்டுத் தாவர வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அவ்வரலாற்றைக் கொச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தம். டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ரீடு 1691இலேயே இறந்துவிட்டார். மரங்களின்மேல் வளரும் ஆர்க்கிட்டுகளைக் கொண்ட பன்னிரண்டாம் தொகுதியை அவர் அச்சில் காணவில்லை. காடுகளிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவரப்பட்ட செடிகளை ஓவியர்கள் வரைந்தனர். பெயரையும் பயனையும் நாட்டு மருத்துவர்கள் சொன்னார்கள். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். தம் ஓலைச்சுவடிகளிலும் அனுபவத்திலும் இருந்தவற்றையே சொன்னதாக இட்டி அச்சுதன் 1675 ஏப்ரலில் எழுதித் தந்த சான்று முதல் தொகுதியில் கோலெழுத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அக்கால ஐரோப்பியத் தாவர நூல் ஒன்றில் நாட்டு மருத்துவர் ஒருவரின் பெயரும் ஊரும் இவ்வளவு துலக்கமாகப் பதிவானது அரிது.

பன்னிரண்டாம் தொகுதியின் ஆர்க்கிட் பெயர்கள் பலவும் ‘மரவர’ என்று முடிகின்றன. மலையாளத்தில் இது ‘மரவாழ’. தமிழில் சொன்னால் மரவாழை. இவற்றின் முன்னொட்டுகளைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘அன்சேலி மரவர’ என்பது ஆஞ்சிலி மரத்து மரவாழை. குமரி மாவட்டத்தார் அயனி என்று அழைக்கும் அதே மரம்தான் ஆஞ்சிலி. ‘கஞ்சிரம் மரவர’ என்பது காஞ்சிரத்து மரவாழை. காஞ்சிரம் என்றால் எட்டி. முதலாவதை இன்றைய தாவரவியல் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா என்றும் இரண்டாவதைச் சிம்பிடியம் அலோயிஃபோலியம் என்றும் அறியும். மருத்துவரின் பெயரோ செடியை அது பற்றியிருந்த மரத்தோடு பிணைத்தே சொன்னது. தமிழ் மருத்துவ வழக்கிலும் புல்லுருவியை அது ஏறிய மரத்தின் பெயரோடு சேர்த்துக் குறிப்பிடும் பழக்கம் இருப்பதை இங்கே நினைக்கலாம். இத்தகைய பெயரில் இனமும் இடமும் பிரிவதில்லை, பெயரே சீட்டு.

இதில் குறையும் உண்டு. ஒரே சிம்பிடியம் எட்டியிலும் வளரும், மாமரத்திலும் வளரும், பனையின் மட்டையடியிலும் வளரும். எட்டியிலிருந்து பெயர்த்துச் சட்டியில் வைத்தால் ‘காஞ்சிரத்து மரவாழை’ என்ற பெயர் பாதி பொய்யாகிவிடும். சட்டிக்கு மரம் ஏது?

இந்த வரிசையில் ஒரு பெயர் மட்டும் தனித்து நிற்கிறது: ‘பொன்னம்பூ மரவர’. இங்கே முன்னால் நிற்பது மரம் அன்று, பொன்னிறப் பூ. வெயில்படும் புதர்களிலும் பாறையோரங்களிலும் நீண்டு ஏறும் தண்டு, சற்றே கரண்டி வடிவில் குட்டையான இலைகள், கம்பிபோல் நிமிர்ந்த காம்பில் அடுத்தடுத்து விரியும் பொன்மஞ்சள் மலர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஆர்க்கிட் இது. வாண்டா ஸ்பாதுலாட்டா என்று ஆர்க்கிட் வளர்ப்போர் அறிவார்கள். இந்தக் கட்டுரையின் பல நூல்களும் இந்தச் செடியில்தான் முடிச்சிட்டிருக்கின்றன.

1753இல் லின்னேயஸ் தம் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலில் இதற்கு எபிடென்ட்ரம் ஸ்பாதுலாட்டம் என்று பெயரிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ரீடின் நூலில் உள்ள படத்தையும் விவரத்தையும் ஆதாரமாகக் கொண்டே பெயர் வைத்தார். ஆஞ்சிலி மரவாழையும் காஞ்சிரத்து மரவாழையும் அதே நூலில் அதே வழியில் எபிடென்ட்ரம் ஆயின. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு ‘மரத்தின்மேல்’ என்று பொருள். ‘மரவாழ’ சொன்னதையே லின்னேயஸின் பேரினப் பெயரும் சொன்னது. எந்த மரம் என்பதை மட்டும் விட்டுவிட்டது. பின்னர் 1820இல் ராபர்ட் பிரவுன் நிலைநாட்டிய வாண்டா என்னும் பேரினப் பெயரும் மரங்களில் தொற்றும் செடிகளைக் குறித்த வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததே. மூன்று மொழிகள் ஒரே கருத்தை மூன்று முறை சொன்னபின்பும் செடி எங்கே இருந்தது என்ற செய்தி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்தது.

அந்தத் தேய்வின் வேடிக்கையான முடிவு 1992இல் வந்தது. மலரமைப்பு மற்ற வாண்டாக்களோடு ஒத்துவரவில்லை என்று கருதிய எரிக் கிறிஸ்டென்சன், இதற்கெனத் தனிப் பேரினம் ஒன்றை அமைத்து டப்ரோபானியா என்று பெயரிட்டார். டப்ரோபானே என்பது பழங்கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். மலபாரில் வரையப்பட்டு, மலபார்ப் பெயரோடு ஐரோப்பா சென்ற செடிக்கு இலங்கையின் பெயர் வாய்த்தது. டப்ரோபானே என்ற சொல் தாம்பிரபரணியிலிருந்து வந்ததாக அறிஞர் பலர் கொள்வர். அப்பெயருள்ள ஆறு தோன்றுவது பொதிகையில், அதாவது திருவனந்தபுரத்தின் கிழக்கெல்லையாக நிற்கும் அதே அகத்தியமலையில். இது தற்செயல்தான், இதில் பொருள் தேடுவது வீண். ஆனாலும் தமிழ் வாசகர் இதைக் கடக்கும்போது ஒரு கணம் நிற்பது இயல்பு.

சங்க இலக்கியம் பயில்வோர் இதே சிக்கலை மறுமுனையிலிருந்து அறிவார்கள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்குப் பெயர் இருக்கிறது. செடி எது என்பதில் பல இடங்களில் கருத்து வேறுபாடு. மாடியில் செடி இருக்கிறது, பெயர் இல்லை. ரீடின் படங்களுக்கும் ஏறக்குறைய குறிஞ்சிப்பாட்டின் நிலைதான் இருந்தது. பெயர்களை இலத்தீன் எழுத்துக்கூட்டல் சிதைத்திருந்தது. சில படங்கள் எந்தச் செடிக்குரியவை என்பதில் நூற்றாண்டுகளாகத் தகராறு நீடித்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் இதைத் தீர்க்கக் கைக்கொண்ட முறை எளியது, ஆனால் ஆயுள் முழுவதையும் கேட்பது. ரீடின் ஆட்கள் சேகரித்த மலபார்ப் பகுதிகளுக்கே திரும்பச் சென்று, அதே செடிகளைச் சேகரித்து, படத்தோடும் விவரத்தோடும் ஒப்பிட்டார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008இல் வந்தது. ரீடின் நூலில் இடச்செய்தி ஓரளவேனும் பதிவாகியிருந்ததால்தான் இந்தப் பணி முடிந்தது. ‘கிழக்கிந்தியா’ என்று மட்டும் எழுதியிருந்தால் மணிலால் எந்தக் காட்டுக்குப் போயிருப்பார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீட்டு எழுதும் பணி மதராஸ் அரசின் அதிகாரிகள் கைக்கு மாறியது. பாளையங்கோட்டையில் சில காலம் இருந்த படை மருத்துவர் ராபர்ட் வைட், 1838க்கும் 1853க்கும் இடையில் தம் படநூலை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு ஓவியர்கள். கோவிந்துவின் திறனைச் சிறப்பிக்க எண்ணிய வைட், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் சூட்டினார். ஆனால் அதே பேரினத்துக்கு 1833இலேயே ஜான் லின்ட்லி டிரோபிடியா என்று பெயரிட்டிருந்தார். முந்திய பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. கோவிந்து இன்று ஒத்தபெயர்ப் பட்டியலில் ஒரு வரியாக ஒடுங்கிக் கிடக்கிறார். விதி சரியானதே, இழப்பும் உண்மையானதே.

திருவனந்தபுரத்தோடு நேரடித் தொடர்புடையவர் கர்னல் ஹீபர் ட்ரூரி. மதராஸ் படையைச் சேர்ந்த இவர் திருவிதாங்கூரில் பணியாற்றியவர்; இந்தியப் பயிர்களின் பயன்கள் பற்றி 1858இல் ஒரு நூல் எழுதினார்; 1864 முதல் இந்தியத் தாவரக் கையேட்டை வெளியிட்டார். 1865இல் திருவிதாங்கூர் மலைகளில் அவர் கண்ட ஒரு தரை ஆர்க்கிட், தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட்டாக இன்றும் இருக்கிறது. உதடு செருப்பின் முனைபோல் குழிந்திருப்பதால் அவ்வகைக்கு அப்பெயர். மஞ்சள் மலர், மேற்புல்லி இதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே தீற்றியதுபோல் அடர்பழுப்புக் கோடு. மதராஸ் வனத்துறையின் தலைவராக இருந்த பெடோம் 1874இல் இதைச் சிப்ரிபீடியம் ட்ரூரியை என்று வெளியிட்டார். இப்போது வழங்கும் பெயர் பாஃபியோபெடிலம் ட்ரூரியை.

ஐரோப்பியக் கண்ணாடி மனைகள் ஆர்க்கிட் மோகத்தில் திளைத்த காலம் அது. ஒரு செடியின் வாழிடம் வணிக இரகசியமாக மதிக்கப்பட்டது. நிறுவனங்களின் சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றப் பொய்யான இடங்களைச் சொன்னதும் உண்டு. பிரேசிலின் கட்லேயா லாபியாட்டாவின் கதை இதற்கு நல்ல சான்று. 1818இல் ஸ்வெயின்சன் அனுப்பிய செடிகளிலிருந்து பூத்து, 1821இல் லின்ட்லியிடம் பெயர் பெற்ற அந்த ஆர்க்கிட் எங்கே வளர்கிறது என்பது ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஐரோப்பியருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வேறு செடிகளைப் பொதிய வைக்கோல்போல் இதைப் பயன்படுத்தினார்கள் என்ற கதையை இன்றும் பலர் திரும்பச் சொல்கிறார்கள். அது பின்னாளில் புனையப்பட்டது. உண்மையில் நடந்தது அதைவிடச் சாதாரணமானது: பெயர் நிலைத்தது, இடம் தொலைந்தது.

ட்ரூரியின் ஆர்க்கிட்டும் அதே பாதையில் சென்றது. பெயர் தோட்டக்கலை நூல்களில் நிலைபெற்றது. கலப்பினங்களுக்குப் பெற்றோராகவும் ஆனது. காட்டில் அது காணக் கிடைக்காததால் அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது. 1972இல் அகத்தியமலையில் மீண்டும் காணப்பட்டது. ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலான புல்வெளிச் சரிவுகளே அதன் வாழிடம். மீட்பே புதிய ஆபத்தாகவும் முடிந்தது. இருப்பிடம் தெரிந்த செடி பறிபோகும் செடி. சேகரிப்பும் புல்வெளித் தீயும் அதை மிக அருகிய நிலைக்குத் தள்ளின. செருப்பு ஆர்க்கிட்டுகள் அனைத்தும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளன. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி ஆறு தாவரங்களை அட்டவணைப்படுத்தியபோது அவற்றுள் செருப்பு ஆர்க்கிட்டுகளையும் நீல வாண்டாவையும் சிவப்பு வாண்டாவையும் சேர்த்தது. உரிமம் இன்றி இவற்றை வளர்ப்பதே குற்றம். எனவே தெருவோரக் கூடையில் பெயரின்றி விற்கப்படும் செருப்பு ஆர்க்கிட் ஒன்றை வாங்குபவருக்கு ‘இது எது?’ என்பது அழகியல் வினா மட்டும் அன்று.

மாடியில் உள்ளவை பெரும்பாலும் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பெறும், குளிர்காலம் என ஒன்று இல்லாத இந்நகரின் தட்பவெப்பம், தாய்லாந்திலிருந்து வரும் டெண்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. சோனியா என்னும் ஊதா நிறக் கலப்பினத்தைக் கேரளத்தின் வெட்டுமலர் வணிகமே நன்கறியும். வளர்ப்பும் கடினமன்று. கரித்துண்டு, ஓட்டுத்துண்டு நிரப்பிய சட்டி, பாதி வெயிலைத் தடுக்கும் வலை, காலையில் நீர். தேங்காய் மட்டைத்துண்டை மட்டும் நம்பியவர்கள் ஆடி மழையில் வேர் அழுகக் கண்டிருப்பார்கள். வாண்டாவுக்கு மட்டையும் வேண்டாம். மரச்சட்டக் கூடையில் வேர் வெளியே தொங்கினாலே போதும். வெள்ளி போன்ற வேர்த்தோல் நனைந்ததும் பச்சையாக மாறுவதைக் கொண்டு தாகம் தீர்ந்ததா என்று அறியலாம். பெரும்பூச் சிம்பிடியம் கலப்பினங்கள் இலை தழைத்து நிற்கும், பூக்கா. அவற்றுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். மலையுச்சிப் புல்வெளியைச் சேர்ந்த ட்ரூரியையும் இம்மாடிக்கு உரியதன்று.

பெயரறியாத செடி பூத்ததும் செய்யத்தக்க முதல் வேலை, நிறத்தை மறப்பது. நிறம் மயக்கும். தண்டு ஒரே முனையில் மேல்நோக்கி வளர்கிறதா, அடியிலிருந்து புதுத்தண்டுகள் பக்கவாட்டில் கிளைக்கின்றனவா என்பது முதல் பிரிப்பு. முன்னது வாண்டா, ஃபெலநாப்சிஸ் பக்கம். பின்னது டெண்ட்ரோபியம், கட்லேயா, சிம்பிடியம் பக்கம். அடுத்தது மலரின் நடுத்தூண். அதன் நுனியிலுள்ள மூடியைப் பல்குச்சியால் மெல்ல நெம்பினால் மெழுகுபோன்ற மகரந்தத் திரள்கள் வெளிவரும். டெண்ட்ரோபியத்தில் நான்கு, காம்பின்றி. வாண்டாவில் இரண்டு, ஒட்டும் தட்டோடு கூடிய காம்பில். இந்நகரத் தோட்டங்களில் வரப்போரமாக நடப்படும் ஸ்பாத்தோகுளோட்டிஸில் எட்டு. லின்ட்லி ஆர்க்கிட் குடும்பத்தையே வகைப்படுத்த இத்திரள்களைப் பெரிதும் நம்பினார். கைக்கண்ணாடி உள்ள மாணவர் எவரும் அதே சான்றை மாடியிலேயே காணலாம். பேரினம் தெரிந்தபின் உதட்டின் மடல்கள், அடிப்பை, இதழ் விளிம்பு ஆகியவற்றைக் கொண்டு இனத்தை நெருங்கலாம். தென்னிந்திய இனமாயின் ஆபிரகாமும் வத்சலாவும் 150 ஆர்க்கிட்டுகளைப் படத்தோடு விவரித்து 1981இல் திருவனந்தபுரத்தில் வெளியிட்ட நூல் இன்றும் உதவும்.

கலப்பினமாயின் இவ்வழி பேரினத்தோடு நின்றுவிடும். மனிதர் கைபட்டு உருவான முதல் ஆர்க்கிட் கலப்பினம் 1856இல் இங்கிலாந்தில் ஜான் டோமினியின் கையில் பூத்தது. அரை நூற்றாண்டுக்குள் கலப்புகள் பெருகியதால் சாண்டர் நிறுவனம் 1906இல் அவற்றின் பெற்றோரைப் பட்டியலிட்டு நூலாக்கியது. 1961 முதல் அப்பதிவை அரச தோட்டக்கலைக் கழகம் நடத்துகிறது. இன்று பதிவானவை ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரே பெற்றோருக்குப் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் ஒரே பெயர்; அத்தொகுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு மந்தை என்று பொருள். ஒரு காயில் தூசிபோன்ற விதைகள் பல்லாயிரம். உடன்பிறந்தவை ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. வேறு பெற்றோருக்குப் பிறந்தவை ஒன்றுபோலவே இருப்பதும் உண்டு. ஆகவே படத்தோடு ஒப்பிட்டு ‘இது இன்ன கலப்பினம்’ என்று துணிவது முகச்சாயலை வைத்து ஒருவரின் பிறப்புச் சான்றிதழை எழுதுவதற்கு ஒப்பாகும். மரபணுச் சோதனை முன்னோராக அமைந்த இனங்களைச் சுட்டக்கூடும். பசுங்கணிக மரபணு தாய்வழியையே காட்டும். எந்தச் செடியை எந்தச் செடியோடு எவர் சேர்த்தார் என்பதை எதுவும் சொல்லாது. தவறான பெயர் வெறுமையைவிடத் தீங்கானது. அப்பெயருடன் செடி இன்னொருவரிடம் சென்று, அவர் அதைக் கலப்புக்குப் பயன்படுத்தினால், பிழை பதிவேட்டுக்குள் குடியேறிவிடும்.

இடச்செய்தியின் மதிப்பைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலோடு நன்றாக உணர்த்துகிறது. 1979இல் அங்கே வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மேற்சொன்ன ஆபிரகாமே அதன் முதல் இயக்குநர். பிற்காலத்தில் நேருவின் பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அருகிய ஆர்க்கிட்டுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி மீண்டும் காட்டில் நட்டனர். அவற்றுள் ஒன்று வாண்டா ஸ்பாதுலாட்டா. பொன்னம்பூ மரவாழையின் பெருக்கமும் மறுநடவும் பற்றிய அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை வெளியானது 2003இல். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ ஆங்கிலத்தில் வெளியான அதே ஆண்டு. ஓராண்டில் ஒரு செடியின் பழம்பெயர் நூலிலும் அதன் நாற்று காட்டிலும் திரும்பி வந்தன.

இத்தகைய மறுநடவில் ‘எந்த இனம்’ என்பதோடு ‘எந்த மலையின் செடி’ என்பதும் கேட்கப்படும். ஒரு மலைச்சரிவில் நெடுங்காலம் வாழ்ந்த கூட்டத்துக்கு அதன் மழைக்கும் பூஞ்சைக்கும் மகரந்தம் சுமக்கும் பூச்சிக்கும் இசைந்த மரபுக்கூறுகள் இருக்கக்கூடும்; தொலைவிடச் செடியை அங்கே கலந்தால் அவை நீர்த்துப்போகலாம். தாவரத் தோட்டத்தில் ஒரு செடியின் சீட்டில் இருக்கும் முக்கியமான உறுப்பு பெயர் அன்று, சேர்க்கை எண்ணே. அவ்வெண் பதிவேட்டிலுள்ள வரிக்கு வழிகாட்டும்: சேகரித்தவர், நாள், இடம், உயரம். பெயர் தவறானால் பூத்தபின் திருத்தலாம். எண் தொலைந்தால் அதே செடி அதே இனமாகவே இருந்தும் மறுநடவுக்கு உதவாத காட்சிப்பொருளாகிவிடும். ட்ரூரியையிலோ இன்னொரு முரண் சேர்கிறது. அதன் இடத்தைத் துல்லியமாக எழுதாவிட்டால் ஆய்வு நிற்கும். எழுதியதை அச்சிட்டால் செடி நிற்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர் இலாபத்துக்காக மறைத்த அதே செய்தியை இன்றைய ஆய்வாளர் பாதுகாப்புக்காக மறைக்க வேண்டியிருக்கிறது. மறைத்தாலும் எங்கோ எழுதி வைத்தாக வேண்டும்.

திருவனந்தபுரத்து மதில் ஒன்றின்மேல் பொன்மஞ்சளாகப் பூத்திருக்கும் மரவாழையை எடுத்துக்கொள்வோம். மலரமைப்பைக் கொண்டு அது வாண்டா ஸ்பாதுலாட்டா என்று மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். அது தென்கேரளப் பாறைப் புதர் ஒன்றிலிருந்து வந்ததா, இலங்கையிலிருந்து யாரோ கொண்டுவந்த துண்டின் வழித்தோன்றலா என்பதைச் செடியைப் பார்த்துச் சொல்ல இயலாது. மதிலில் அது பல்லாண்டு பூக்கும், காட்டுக்குத் திரும்பாது.

அதன் காம்பில் இன்று கட்டும் பட்டையில் எழுதத்தக்கவை சில உண்டு: யாரிடமிருந்து எந்த மாதம் வந்தது, அவர் அதை எங்கிருந்து பெற்றதாகச் சொன்னார், முதலில் பூத்தது எப்போது, மகரந்தத் திரள் எத்தனை. பெயருக்கான வரியை வெறுமையாக விடலாம். பேனாவைத் தவிர்த்துப் பென்சிலால் எழுதுவது நல்லது. கரிக்கோட்டை வெயில் வெளுப்பதில்லை.